பாவம் கார்பரேட்டர், விட்டுடுங்க சாமி!

பவர் வீடர் பத்து நிமிஷம் ஓடி நின்னா, உடனே "கார்பரேட்டர் போச்சு, புதுசு மாத்தணும்"னு தீர்ப்பு சொல்ற மெக்கானிக் அண்ணன்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்!

முதல்ல டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கய்யா. அப்புறம் நிக்காம ஓடுச்சுன்னா மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு. காத்து உள்ளே போகாம பெட்ரோல் எப்படி இறங்கும்?

அது இல்லையா, ட்யூபைக் கழட்டி பெட்ரோல் சீரா வருதான்னு பாருங்க. வரலைன்னா குத்தம் ஃபில்டர்லயோ டேப்லயோதான். வந்தா மட்டும் கார்பரேட்டரைத் தொடுங்க. அப்பவும் பெரும்பாலும் ஜெட்டைக் கழுவி ஊதினாலே போதும். கம்பி விட்டுக் குத்தி ஓட்டையைப் பெருசாக்காதீங்க!

20% எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா கிடந்தா பிசினும் கட்டும். "வேலை முடிஞ்சா வடிச்சு வைங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம, களையெடுப்பு கெட்டு நிக்கிற விவசாயிகிட்ட பில்லை நீட்டுறது என்ன தொழில் தர்மம்?

கும்முறவங்க வரிசையில வரலாம் ;-)