கலியாண வீடியோவும் ஓர் அமானிதமே



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவரது மகள் வீட்டிலிருந்தபடியே கலியாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். பெண்கள் பகுதியில் எடுத்த படத்தை அந்நிய ஆடவர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே பல குடும்பங்கள் அவளைத் தேடி வருகின்றன. சென்ற மாதம் ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்து, ஒரு கலியாணத்தின் முழுப் பதிவும் போய்விட்டது. வேறு பிரதி இல்லை. "பெண் வீட்டார் நஷ்டஈடு கேட்கிறார்கள். மார்க்கத்தில் என் மகள் பொறுப்பாளியா?" என்று கேட்கிறார்.

வீடியோ எடுப்பது ஆகுமா ஆகாதா என்ற சர்ச்சையை இங்கே கிளப்பப் போவதில்லை. எடுத்தாயிற்று, ஒருவரை நம்பி ஒப்படைத்தும் ஆயிற்று. இனி அது அமானிதம்.

நமது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கூலிக்கு வேலை செய்பவர் வரம்பு மீறாமலும் கவனயீனமின்றியும் இருக்கையில் பொருள் அழிந்தால் அவர் மீது நஷ்டஈடு கடமையில்லை. கைத்தொழில் செய்வோர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்ற இமாம்களும் உண்டு. ஆகவே நம்மிடம் கேள்வி, கவனயீனம் இருந்ததா என்பதுதான். தைக்கக் கொடுத்த துணியை எலி ஓடும் மூலையில் போட்டுவைத்தால் அது கவனயீனம் என்று யாருக்கும் விளங்கும். ஹார்ட் டிஸ்க்கில் எது கவனயீனம்? அந்தத் தொழில் தெரிந்தவர்களின் வழக்கமே அளவுகோல். அதை விசாரித்துப் பார்த்ததில் விளங்கியதைச் சொல்கிறேன்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. அதை வாசிக்கும் முனை, தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கிறது. சுழலும்போது விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். எனவே அதை நிறுத்தி வைக்காமல், மேசையின் நடுவில் படுக்கவைத்து, பிள்ளைகளின் கால் படாத பக்கமாக வயரை விட வேண்டும். கழற்றுமுன் கொம்பியூட்டரில் வெளியேற்றும் கட்டளை கொடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனும் புதுவகையில் சுழல்வது எதுவுமில்லை. வேகமும் அதிகம், எடிட் செய்ய அதுவே நல்லது. ஆனால் மின்சாரம் தொடாமல் வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால் பதிவு மங்கக் கூடும். நீண்டகாலம் வைக்கப் பழைய வகையே போதும், விலையும் குறைவு. கடலோர ஊர்களில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

இவையெல்லாம் செய்தாலும் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் பழுதாகவே செய்யும். ஆகவே பிரதிதான் பிரதான விடயம். தொழில் தெரிந்தவர்கள் மூன்று பிரதி வைக்கிறார்கள்: வேலை செய்வதில் ஒன்று, வேறொரு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. இரண்டு பிரதி எடுத்துத் திறந்து பார்க்கும்வரை கெமராவின் மெமரி கார்டை அழிப்பதில்லை. 4கே படம் பல கெமராக்களில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 45 ஜிகாபைட் வரும். இரண்டு கெமரா நான்கு மணித்தியாலம் ஓடினால் 360 ஆகிவிடும். செலவுதான். அதைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது பிரதி வேறொரு வீட்டில் எதற்கு என்று 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையோரத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. வாப்பாவின் ஒரே படமும் அலையோடு போன வீடுகள் எத்தனை! யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்டோர் பலர் ஷஹீதான பின்னர் தொகுக்கப்பட்ட ஏடுகள், அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் அவற்றை வாங்கிப் பிரதியெடுத்து, மூலத்தை அன்னையிடமே திருப்பிக் கொடுத்து, பிரதிகளைப் பல பிரதேசங்களுக்கும் அனுப்பினார்கள். அல்லாஹ்வின் வேதத்தோடு கலியாண வீடியோவை ஒப்பிடவில்லை. பாதுகாக்கும் முறையை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அழித்துவிட்டோம் என்று நினைக்கும் படம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். விற்கும்போது வாங்கியவர் மென்பொருளால் மீட்டெடுக்கலாம். விரைவான ஃபோர்மட்டும் போதாது, முழுமையாக மேலெழுதி அழிக்க வேண்டும். அதைவிட, முதல் நாளே டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டுவது மேல். கடவுச்சொல் மறந்தால் பதிவும் போய்விடும். எனவே எழுதி, வசிய்யத்துக் கடுதாசி இருக்கும் இடத்தில் வையுங்கள்.

அந்தத் தாய்க்குச் சொல்வது: விழுந்ததை மட்டும் வைத்து மகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே பிரதியோடு வேலை தொடங்கியது கவனயீனம் என்றே எனக்குப் படுகிறது. வேலை கையளிக்கப்படாததால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நஷ்டஈட்டின் அளவை, இரு தரப்பாரும் ஊர் ஆலிம்கள் முன் அமர்ந்து பேசித் தீருங்கள். இதற்கிடையில் டிஸ்க்கைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம், காயம் கூடும். பதிவுகளை மீட்டெடுக்கும் தொழில்நுட்பவியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெண்கள் பகுதியைப் பார்க்க நேரிடும். பெண் வீட்டாரின் சம்மதம் பெற்ற பின்பே கொடுங்கள். அடுத்த வேலையிலிருந்து எத்தனை பிரதி, எத்தனை மாதம் வைப்பது, எப்போது அழிப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.