மஞ்சள் சுவரும் வயல் சாலையும்

மேட்டுப்பாளையம் என்றதும் பெரும்பாலோருக்கு நீலகிரி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது புதுச்சேரி நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தை. தொழிற்பேட்டையும் சரக்கு வண்டிகளின் முனையமும் உள்ள ஊர். சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிற இடமன்று. பெயரிலேயே மேடு இருக்கிறது. அடுத்துள்ள கோரிமேடு உள்ளிட்ட இந்தச் செம்மண் மேட்டு நிலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘சிவப்பு மலைகள்’ என்று அழைத்தார்கள். உயரம் ஏறத்தாழ 30 மீட்டர்! கடற்கரைச் சமவெளியில் நெடுநாள் இருந்தவர்களுக்கு அதுவே மலையாகத் தெரிந்திருக்கும் போலும். ஆனால் மிதிவண்டியில் இந்த மேட்டை ஏறிப் பார்த்தவர் எவரும் அவர்களைக் கேலி செய்யமாட்டார். பேருந்தில் போகிறவனுக்குத் தட்டுப்படாத சரிவு மிதிவண்டிக்காரனின் தொடைக்குத் தெரிந்துவிடும்.

மேட்டிலிருந்து மேற்கே இறங்கினால் ஊசுட்டேரி. புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி. சுத்துக்கேணியிலிருந்து வரும் வாய்க்கால் சங்கராபரணி ஆற்று நீரை இதில் சேர்க்கிறது. 2008இல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்குமான எல்லைக்கோடு ஏரியின் ஊடாகவே செல்கிறது. நாரைகளுக்கு அது பொருட்டில்லை. நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பிறகு 1814, 1815ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்படி ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்த நிலம் இப்படித் துண்டு துண்டாகத்தான் இருந்தது. ஆகவே இன்றும் இங்கே ஒரு மணி நேரம் மிதித்தால் மாநில எல்லையைப் பலமுறை கடந்துவிடலாம். மதுக்கடைகள் நெருங்கினால் புதுச்சேரி, விலகினால் தமிழ்நாடு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்துக்கண்ணு, வில்லியனூர் வழியாகச் சென்று ஆற்றைக் கடந்தால் மங்கலம், பிறகு கீழூர். நெல்லும் கரும்பும் சவுக்கும் மாறி மாறி வரும் நிலம். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இந்தக் கீழூரில்தான் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள். அடுத்த நவம்பர் முதல் நாளில் நிர்வாகம் கைமாறியது. ஒரு பேரரசின் கணக்கு முடிக்கப்பட்ட இடம் வயல்களுக்கு நடுவே ஒரு சிறு நினைவிடமாக நிற்கிறது. காரில் வந்து பார்ப்பதைவிட மிதிவண்டியில் வந்து பார்க்கத் தகுந்த இடம் அது. இங்கே வந்து சேர்கிற சாலைதான் அந்த வரலாற்றின் அளவை உணர்த்துகிறது.

இந்த இடத்தில் பிரான்சின் நாட்டுப்புறத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘தூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அக்காட்சி மனப்பாடம். அலையலையாக ஏறி இறங்கும் கோதுமை வயல்கள், சூரியகாந்தித் தோட்டங்கள், தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம், நடுவே சீராக ஓடும் ஒடுங்கிய சாலை. 1903இல் ஒரு செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய பந்தயம் அது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுப்பில் அதைக் காவியமாகவே வாசித்தார். ஆனால் இலக்கியவாதிகளாகிய நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். காவியத்துக்குக் களமான அச்சாலை தானாக முளைத்ததன்று. 1836 மே மாதத்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் ஊர்ச் சாலைகளைப் பராமரிக்கும் கடமையை அந்தந்த ஊராட்சியின் தலையில் சுமத்தியது. குடிமக்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பாகவோ அதற்கீடான பணமாகவோ கொடுக்கவேண்டி வந்தது. அலுப்பூட்டும் சட்டம்தான். ஆயினும், பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும் இன்றைய பிரெஞ்சுச் சாலை வலையின் மிகப் பெரும்பகுதி நெடுஞ்சாலையாக இல்லாமல் ஊர்ச் சாலையும் மாவட்டச் சாலையுமாக இருப்பதற்கு அதுபோன்ற அலுப்பூட்டும் வேலைகளே காரணம்.

அந்த அமைதியை அப்படியே போற்றவும் நான் தயாரில்லை. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், இயந்திரங்கள் உழவர்களின் இடத்தைப் பிடித்தன, பல ஊர்களில் ரொட்டிக்கடையும் பள்ளிக்கூடமும் மூடப்பட்டன. அங்குள்ள நிசப்தத்தில் ஒரு பங்கு வெறுமையின் நிசப்தம். வில்லியனூர்ச் சாலையில் களத்து நெல், ஆட்டு மந்தை, பள்ளிப் பிள்ளைகள், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. இவை ஒழிந்து கிடைக்கும் அமைதி நமக்கு வேண்டாம்.

வேண்டியது வேறு. அங்கே ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிச் செல்லவேண்டும். ஊருக்குள் ஒரு மீட்டர். இங்கே எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு முழம். நானாவது ஞாயிறு விடியலில், தலைக்கவசமும் மின்னும் சட்டையும் அணிந்து, விருப்பத்தால் வருகிறவன். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் துருப்பிடித்த மிதிவண்டியில் விளக்கில்லாமல் ஊர் திரும்புகிறவருக்கு விருப்பம் என்ற சொல்லே இல்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒருநாள் தேநீர்க் கடையில் நின்றபோது அப்படிப்பட்ட ஒருவரிடம், பெரிய சாலையில் போனால் சீக்கிரம் போகலாமே என்று கேட்டேன். “சீக்கிரம் போலாம் சார், வீட்டுக்குத்தான் போவமான்னு தெரியாது” என்றார். நகரத்தார் மிதிவண்டியை உடற்பயிற்சியாக மறுகண்டுபிடிப்புச் செய்து கொண்டாடுகிற இந்நாளில், அதை ஒருபோதும் கைவிடாதவர்களுக்குச் சாலையில் இடமில்லாமல் போய்விட்டது.

புதுச்சேரி தன் பிரெஞ்சு மரபை எங்கே தேடுகிறது? கடற்கரையை ஒட்டிய தெருக்களின் மஞ்சள் சுவர்களில். அச்சுவர்களைக் காப்பதற்கு அமைப்புகள் இருக்கின்றன, ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அது நல்லதே. ஏரிக்கரைச் சாலைக்கோ எந்தக் காவலும் இல்லை. நேற்று வரை கரும்பு நின்ற இடத்தில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. ஊர்ச் சாலையை மேம்படுத்துவது என்றால் நம் அகராதியில் அகலப்படுத்துவது என்று பொருள். அகலப்படுத்துவது என்றால் புளியமரத்தை வெட்டுவது. வெட்டிய பிறகு நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க விரும்பும் லாரி அவ்வழியே வந்துவிடும். சாலை மேம்பட்டிருக்கும், அதில் மிதிவண்டி ஓட்ட முடியாது.

என் கோரிக்கை பெரிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊசுட்டேரிக் கரை வழியாக வில்லியனூர் வரை, இருக்கும் அகலத்திலேயே சாலையை வைத்துக்கொண்டு, குழிகளை அடைத்து, மரங்களை விட்டுவைத்து, கனரக வாகனங்களுக்குத் தடை விதிக்கட்டும். தொழிற்பேட்டை வாசலில் தொடங்கும் முதல் சில கிலோமீட்டர்களில், லாரிகளைத் தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும், ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தனிப் பாதை பிரித்து விளக்குப் போடட்டும். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் முதலில் பயன்படுத்தட்டும். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் நாங்கள் விடிந்த பிறகு வந்துகொள்கிறோம்.