பாலாறும் பள்ளிக்கூடமும்

1991-ம் வருஷத்திலேயே சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் நடப்பதென்ன? "நீரை மாசுபடுத்தலாகாது" என்று பிள்ளை எழுதி மார்க்கு வாங்குகின்றது. வீட்டுக்குப் போய் உப்புக் கரிக்கும் கிணற்றைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருக்கின்றது. பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்புவிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நாம் ஒரு யோசனை சொல்லுகின்றோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பள்ளிகளில் வகுப்பையே ஒரு சபையாக்குங்கள். ஒரு பிள்ளை தோல் ஷாப்பு முதலாளி; ஒன்று தொழிலாளி; ஒன்று பாலாற்றங்கரைக் குடியானவன்; ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி; ஒன்று கலெக்டர். எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். மேனாட்டு மாணவர்கள் உலக நாடுகளின் பிரதிநிதிகளாக உட்கார்ந்து புகையைக் குறைக்க இப்படித்தான் பேசிப் பழகுகின்றார்கள். நமக்கோ வழக்கு வாசற்படியிலேயே கிடக்கின்றது.

ஷாப்பை மூடினால் தொழிலாளி அடுப்பு அணையும். மூடாவிட்டால் குடியானவன் கிணறு சாகும். சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் செலவு யாருடையது? தோலோடு வந்த உப்பை எங்கே கொட்டுவது? இவற்றுக்குப் பிள்ளைகளே விடை தேடட்டும். பிறகு 1996 ஆகஸ்டு 28-ந் தேதித் தீர்ப்பை அவர்கள் முன் வையுங்கள். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை அது எடுத்துக் காட்டிற்று. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டுமென்றது. தோல் ஷாப்புகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அப்புறமும் 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரியில் நஷ்டஈட்டுக்காக அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. தீர்ப்பு நல்லதாயிருந்தும் ஆறு ஏன் தேறவில்லை என்பதல்லவா உண்மையான பாடம்!

ஒரு நிபந்தனை: மறுநாள் வேஷத்தை மாற்ற வேண்டும். முதலாளி மகன் தோல் ஊறும் தொட்டியண்டை நிற்கட்டும். சேரிப் பிள்ளை கலெக்டர் நாற்காலியில் உட்காரட்டும். முன்னவனுக்குப் பிறர் கஷ்டம் தெரியும். பின்னவனுக்குத் தன் யோக்கியதை தெரியும். வாத்தியார் முடிவைச் சொல்லிக் கொடுப்பாரானால் அது பழைய ஒப்புவித்தலேயாகும்.

"பிள்ளைகளுக்கு இந்த வம்பு எதற்கு?" என்பார்கள் சிலர். பாலாறு கெட்டது விதியாலுமல்ல, தெய்வ கோபத்தாலுமல்ல. மனிதர் செய்த முடிவுகளால் கெட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகின்ற பிள்ளைகள், முடிவு செய்யப் பழக வேண்டாமா?