பெட்டூனியா முளைக்கலையா? கைராசியைக் குறை சொல்லாதீங்க!

ஆன்லைனில் பூ விதை பாக்கெட் வாங்கி பால்கனி தொட்டியில் போடுகிறோம். இரண்டு வாரமாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை என்றால் உடனே தீர்ப்பு: ‘எனக்குக் கைராசியே இல்லப்பா.’ இல்லையென்றால், ‘டூப்ளிகேட் விதை.’ பல நேரங்களில் ரெண்டுமே காரணம் இல்லை. அந்த விதைக்கு என்ன தேவை என்பதை பாக்கெட் நமக்குச் சொல்லவில்லை என்பதுதான் நிஜப் பிரச்னை.

வெளிச்சமா, இருட்டா?

பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் சுமார் 10,000. அது முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை அங்குலம் மண் போட்டு மூடினால் கதை முடிந்தது. ஈரமான கலவையின் மேல் தூவி, லேசாக அழுத்தி, ஸ்பிரேயரில் தண்ணீர் தெளித்தால் போதும். நித்யகல்யாணி இதற்கு நேர்மாறு. இருட்டில்தான் நன்றாக முளைக்கும். மூடியே ஆக வேண்டும்.

சீசனும் முக்கியம்

பேன்சிக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் சுகம். சென்னை மே மாத வெயிலில் அதை விதைத்துவிட்டு விதையைத் திட்டுவது நியாயமா? கோடையில் செண்டுமல்லி, ஜின்னியா போடுங்க.

முளைத்த பிறகுதான் ஆபத்து

நாற்றின் தண்டு அடியில் நூலாக மெலிந்து சாய்கிறதா? அது நாற்றழுகல். பித்தியம் போன்ற கிருமிகளின் வேலை. பழைய தோட்ட மண், நெருக்கமான விதைப்பு, எப்போதும் சொதசொதவென்ற ஈரம் மூன்றும் அதற்குக் கொண்டாட்டம். உப்பு போகக் கழுவிய கோகோபீட், அடியில் ஓட்டையுள்ள டிரே, கொஞ்சம் காற்றோட்டம் இருந்தால் பெருமளவு தப்பிக்கலாம். முளை வந்ததும் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்க. இல்லையென்றால் நெட்டையாக வளர்ந்து துவளும். கோகோபீட்டில் சத்து குறைவு என்பதால், முதல் நிஜ இலைகள் வந்தபின் உரத்தை மிக நீர்த்துக் கொடுக்கணும்.

பாக்கெட் பேசட்டும்

முன்பக்கம் கலர் கலராகப் பூப்படம் அச்சடிப்பவர்கள், பின்பக்கம் நாலு வரி சேர்ப்பது கஷ்டமில்லை: வெளிச்சமா இருட்டா, எத்தனை டிகிரி, முளைப்புத்திறன் எவ்வளவு, சோதித்த தேதி என்ன. இவை இல்லாத பாக்கெட்டை வாங்காதீங்க, ரிவ்யூவிலும் அதையே எழுதுங்க.

ஏற்கெனவே வாங்கியாச்சா? முழு பாக்கெட்டையும் கொட்டுவதற்கு முன் 10 விதையை ஈர டிஷ்யூ பேப்பரில் வைத்து மூடி, அந்தப் பூவுக்கேற்ற வெளிச்சத்திலோ இருட்டிலோ இரண்டு வாரம் விட்டுப் பாருங்க. 7, 8 முளைத்தால் விதை நல்ல விதை. கவனிக்க வேண்டியது தொட்டியைத்தான்.