பட்டாவில் யார் பேரு?

தோழர்களே, ஒரு சின்ன வேலை. உங்க வீட்டு நிலத்தோட பட்டாவை எடுத்துப் பாருங்க. அதுல அம்மா பேரோ, அக்கா பேரோ இருக்கா?

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் மலைப்பாதையில ஏறுனவங்களுக்கு பர்லியார் தெரியும். 1871-ல் தொடங்கின அரசு பழப்பண்ணை இருக்கிற ஊர். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு, மிளகு, காபி எல்லாம் விளையுற பூமி. இந்த மலைச்சரிவுகள்ல களை எடுக்கிறது, காபிப் பழம் பறிக்கிறது, மிளகைக் காயப்போடுறது, மூட்டையைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவர்றதுன்னு பாதி வேலைக்கு மேல பெண்கள் தலையிலதான். ஆனா விவசாயி யாருன்னு கேட்டா வீட்டு ஆம்பளையைக் கை காட்டுவாங்க. ஆபீஸ்லயும் அதே கதைதான். வருஷம் 6,000 ரூபாய் தர்ற பி.எம். கிசான் நிலம் யார் பேர்ல இருக்குன்னுதான் பார்க்குது, களை யார் எடுத்தாங்கன்னு பார்க்கிறதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, நாடு முழுக்க சாகுபடிப் பண்ணைகள்ல பெண்கள் பேர்ல இருக்கிறது சுமார் 14 சதவீதம்.

சட்டம் இல்லாம இல்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்களுக்குச் சம சொத்துரிமைன்னு தீர்மானம் போட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சு, 1989-ல் கலைஞர் ஆட்சியில அது சட்டம் ஆச்சு. (ஆந்திரா 1986-லேயே செஞ்சிருச்சு, அதையும் சொல்லணும்.) ஒன்றிய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்தது 2005-ல்தான். அப்பா எப்போ இறந்திருந்தாலும் பூர்வீகச் சொத்துல மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்ல தீர்த்துச் சொல்லிடுச்சு.

அப்புறமும் ஏன் பேரு ஏறலை? விடுதலைப் பத்திரம்! "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே"ன்னு சொல்லி, சார்பதிவாளர் ஆபீஸ்ல அக்கா, தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கிடுறோம். மறுத்தா அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுன்னு பயம். 1989-ல் கொடுத்ததை ஒரே கையெழுத்துல திருப்பி வாங்கிக்கிறோம். மேடையில பெண்ணுரிமை பேசுற நம்ம ஆட்கள் வீட்டுலயும் இது நடக்குது, மறைக்க ஒண்ணுமில்லை.

நிலம் வாங்க வழி இருக்கு. நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயக் கூலிப் பெண்களுக்கு தாட்கோவோட 'நன்னிலம்' திட்டத்துல பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. ஆனா சொந்த நிலமே இல்லாம உழைக்கிற பெண்ணையும் விவசாயின்னு அங்கீகரிக்கணும்னு எம்.எஸ்.சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில கொண்டுவந்த தனிநபர் மசோதா அப்படியே காலாவதி ஆயிடுச்சு.

பர்லியாரைச் சுத்தி இருளர், குறும்பர் குடியிருப்புகள் இருக்கு. 2006 வன உரிமைச் சட்டம், 4(4) பிரிவைப் படிங்க. கல்யாணம் ஆனவங்கன்னா உரிமைப் பத்திரம் கணவன், மனைவி ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்துத்தான் தரணும். காட்டு நிலத்துக்கு இது முடியும்னா, ஊர் நிலத்துக்கு ஏன் முடியாது? கோட்டையில யார் இருந்தாலும் நாம கேட்க வேண்டியது இந்தக் கூட்டுப் பட்டாதான்.

அதுவரைக்கும், உங்க வீட்டுல யாராவது விடுதலைப் பத்திரத்தை நீட்டினா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்ட இந்தப் பதிவைக் காட்டுங்க.

#பட்டாவில்_பெண்_பெயர்