சிற்பக் கல்லூரியின் வாசலில் நம் பிள்ளை



கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் சகோதரர் ஒருவர், சென்ற ஆண்டு தம் மகனுடன் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், இவனுக்குச் சிற்பம் படிக்க வேண்டுமாம். கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாமா?" என்று கேட்டார். "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். பையன் தலைகுனிந்து எழுந்தான். அவன் கையில், பலாப் பலகையில் தானே செதுக்கிய ரைஹால் ஒன்று இருந்ததை அப்போதுதான் கண்டோம். நமக்குக் கொடுக்கக் கொண்டுவந்தான் போலும், கொடுக்காமலே சென்றுவிட்டான்.

அன்று முதல் ஒரு நபித்தோழரின் நினைவு நம்மை உறுத்துகிறது. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். உருவம் படைப்போருக்கு உள்ள எச்சரிக்கையை அண்ணலார் (ஸல்) கூறியவாறே அவர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்டவரின் முகம் வெளிறியது. அவரை அந்நிலையிலேயே அனுப்பிவிடவில்லை. செய்தே தீர வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு வழிகாட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. சட்டத்தை அவர்கள் தளர்த்தவில்லை. ஆனால் கைத்தொழில் அறிந்த ஒரு மனிதரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பவுமில்லை. நாம் முதற்பாதியை மட்டும் சொன்னோம்.

சிற்பம் கற்பிப்பது என்றால் என்ன என்பதை அறிய நம் சென்னையிலேயே சான்று உண்டு. 1899இல் வங்கத்தில் பிறந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தார். 1850இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. ஓவியர், சிற்பி, வங்க மொழியில் கதைகள் எழுதியவர், குழல் வாசித்தவர், மல்யுத்தம் பயின்றவர் எனப் பல துறைகளில் கைவைத்தவர் அவர். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. பாறையை நெம்பும் நால்வரைக் காட்டும் அச்சிலையை நாம் மார்க்கத்தின் பார்வையில் ஏற்காவிடினும், உழைப்பின் மாண்பைப் பற்றி அதனோடு நமக்கு வேறுபாடில்லை. தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று அண்ணலார் (ஸல்) புகழ்ந்துள்ளார்கள்.

நம் கவனத்திற்குரியது அவருடைய மாணவர்கள் சென்ற பாதை. அவரிடம் பயின்ற தனபால் சிற்பத்தில் தம் வழியைக் கண்டு, பின்னர் அக்கல்லூரியின் முதல்வரானார். மற்றொரு மாணவரான கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் எழுத்துகளையும் குறிகளையும் கொண்டே ஓவியத் தொடர் படைத்தார். ஒரே ஆசிரியரிடம் கற்றவர் ஒருவர் உருவத்திற்கும் மற்றொருவர் எழுத்திற்கும் சென்றார். ஆகவே சிற்பக் கல்லூரிக்குச் செல்பவன் சிலைதான் செய்தாக வேண்டும் என்பது நம் அவசர முடிவு. கல்லின் நரம்பறிதல், மரத்தின் போக்கறிதல், உளி பிடித்தல், உலோகம் வார்த்தல் ஆகியவை அங்கே கற்கப்படுகின்றன. அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்பது கற்றவனின் ஈமானைப் பொறுத்தது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் கல் தூண்களைப் பாருங்கள். தமிழகக் கோயில் தூண்களைச் செதுக்கிய அதே மரபு அங்கே பூவும் கொடியும் கட்டங்களுமாக மாறி நிற்கிறது. உளி ஒன்றுதான், மார்க்கம் அதற்கு எல்லை வகுத்தது. இன்று பள்ளிவாசல் கட்டும்போது மிஹ்ராபுக்கும் மிம்பருக்கும் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதைத்தானே வாங்கிப் பொருத்துகிறோம்? செதுக்கத் தெரிந்த நம் பிள்ளையை நாமே விரட்டிவிட்டு, நம் கலை எங்கே என்று பெருமூச்சு விடுவதில் பொருளில்லை.

ஆயினும் சிக்கலை மறைப்பது அமானிதமாகாது. மனிதத் தலையைக் களிமண்ணில் வடிக்கும் பயிற்சி அக்கல்விக்கு அடிப்படையானது. அதில் நம் பிள்ளை என்ன செய்வான்? சேர்வதற்கு முன்பே பாடத்திட்டத்தைக் கேட்டறியுங்கள். ஆசிரியரிடம் மரியாதையுடன் தம் நிலையை விளக்கி, மாற்றுப் பயிற்சிக்கு இடமுண்டா என வினவச் சொல்லுங்கள். இடமில்லையெனில், நம்பகமான ஆலிமிடம் விவரம் அனைத்தையும் சொல்லித் தீர்ப்புப் பெறுங்கள். வழி அடைந்தே இருந்தால், மரவேலையும் கட்டட வரைகலையும் எழுத்தணிக் கலையும் திறந்தே இருக்கின்றன. பெற்றோரும் பிள்ளையும் ஆலிமும் கூடி அமர்ந்து எடுக்க வேண்டிய முடிவை, ஒரு சொல்லில் வெட்டிவிடுவது மார்க்கப் பற்றாகாது. நாம் அதைச் செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள்.

சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவை நின்றதாகச் சொல்லப்படும் மலை அது. அங்கே பாவை வடிக்காத, ஆனால் மரத்தைப் பேச வைக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். அடுத்த விண்ணப்பக் காலம் வருமுன் நாமே ஆலத்தூர் நாட்டிற்குச் செல்ல எண்ணியுள்ளோம். முதலில் அந்த ரைஹாலைக் கேட்டுப் பெற வேண்டும். பிறகு அவன் பேசுவதை முழுமையாகக் கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் கைகளுக்கு ஹலாலான வழியையும், நம் நாவுகளுக்கு நிதானத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.