மலையைத் தெரிவு செய்யுமுன் குழுவை எண்ணிப் பாருங்கள்

கடந்த மாதம் ஒரு நாள் பகல், கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்து மூன்று இளம் வியாபாரிகள் என்னிடம் வந்தார்கள். கையிலிருந்த தொலைபேசியைத் திறந்து வெள்ளை வெளேரென்ற பனிமலைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.

"நானா, வார ஜனவரியில குடும்பங்களோட பனிமலைக்குப் போகப் போறோம். எல்லாமா 22 பேர். நீங்க போய் வந்தவர்தானே, எந்த மலை நல்லம்?" என்று கேட்டார்கள்.

"22 பேர்ல எத்தன பேர் பனிச்சறுக்கு செய்யப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விரல் விட்டு எண்ணி, ஐந்து பேர் என்றார்கள். "அப்ப மத்த 17 பேரும் என்ன செய்யப் போறாங்க?" என்றேன். பதில் இல்லை. அந்த மௌனம்தான் இவ்வாரம் இதை எழுதக் காரணம்.

எம்மவர்கள் மத்தியில் குழுவாக வெளிநாடு செல்லும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. அது நல்லதுதான். கடையும் வீடும் என்று வருடம் முழுவதும் ஓடுகின்றவர்கள் குடும்பத்தோடு பத்து நாட்கள் ஆறுதலாக இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு கொள்கலன் சரக்கு இறக்குவதற்கு முன் ஆயிரம் கேள்வி கேட்கின்ற நாம், அதேயளவு பணம் செலவாகும் ஒரு பயணத்தை நான்கு படங்களைப் பார்த்துத் தீர்மானித்து விடுகிறோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். 2019 ஜனவரியில் 17 பேர் துருக்கியின் உலுதாக் மலைக்குச் சென்றோம். புர்சா நகருக்கு மேலே 2,543 மீற்றர் உயரமான மலை அது. மலையிலேயே நான்கு இரவுகள், எல்லாம் உள்ளடங்கிய கட்டணம் என்று முகவர் சொன்னார். நாமும் பணத்தைக் கட்டினோம். முதல் நாள் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் காற்றும் மூடுபனியும் வந்தன. நகரிலிருந்து மலைக்கு வரும் ஒன்பது கிலோமீற்றர் கேபிள் கார் நின்றது. சறுக்குத் தளத்தின் இழுவை இயந்திரங்களும் நின்றன. நகருக்கு இறங்கும் வீதி 35 கிலோமீற்றர்தான். ஆனால் எமது கட்டணத்தில் வாகனம் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. வயதானவர்களும் பிள்ளைகளும் இரண்டு நாட்கள் ஹோட்டல் வரவேற்பறையில் கண்ணாடி வழியே மூடுபனியைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

எங்களில் ஏழு பேர் புடைவை வியாபாரிகள். கீழே இருக்கும் புர்சாவோ நூற்றாண்டுகளாகப் பட்டு வாணிபத்துக்குப் பேர் போன நகரம். 1491 இல் கட்டப்பட்ட கோசா ஹான் என்ற பட்டுச் சந்தை இன்றும் அங்கே இயங்குகிறது. அதை நாங்கள் பார்த்தது கடைசி நாளில், விமான நிலையம் போகும் அவசரத்தில், ஒரு மணித்தியாலம் மட்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஊருக்கு வந்த பின் ஏற்பட்டது. பாவிக்காத சறுக்குச் சீட்டுக்கும் இயந்திரச் சீட்டுக்கும் பணம் திரும்பக் கிடைக்காது என்று முகவர் கைவிரித்தார். பணம் சேகரித்தவரும் மற்றொருவரும் 19 வருடங்கள் ஒரே கடையில் பங்காளிகளாக இருந்தவர்கள். "நீ கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்ல, "நீயும்தானே சம்மதித்தாய்" என்று மற்றவர் சொல்ல, பேச்சு முற்றியது. அந்த வருடமே கடை பிரிந்தது. குற்றம் மலையில் இல்லை. மலையில் காற்று அடிக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியதைக் கேட்காத குற்றம் எங்களுடையது.

அன்று நான் படித்த பாடத்தை ஒரே வரியில் சொல்கிறேன். குழுவுக்கான மலையை, அதில் மிகத் திறமையாகச் சறுக்குபவரை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். மிகப் பலவீனமானவரையும், பயணத்தின் மிக மோசமான நாளையும் வைத்துத் தெரிவு செய்யுங்கள்.

உயரமும் பனியும்

மலை உயர உயரக் குளிர் கூடும். ஆயிரம் மீற்றருக்குச் சராசரியாக ஆறு அல்லது ஏழு பாகை செல்சியஸ் குறையும். எனவே உயரமான தளத்தில் பனி நிச்சயம் அதிகம். உயரம் குறைந்த தளங்களில் செயற்கைப் பனி இயந்திரங்கள் இருப்பதாக விளம்பரம் செய்வார்கள். அவையும் போதிய குளிர் இருந்தால்தான் வேலை செய்யும்.

அதற்காக உயரமே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். சுமார் 2,500 மீற்றருக்கு மேல் தங்கும்போது தலையிடி, வாந்தி, தூக்கமின்மை சிலருக்கு வரும். இருதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டே ஆக வேண்டும்.

காஷ்மீரின் குல்மார்க்கை எடுத்துக் கொள்ளுங்கள். எமக்கு அருகில் இருப்பதால் பலரும் முதலில் கேட்பது அதைத்தான். தங்குமிடமே சுமார் 2,650 மீற்றர். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீற்றரையும் தாண்டிச் செல்கிறது. திறமையான சறுக்காளருக்கு அது சொர்க்கம். 70 வயது உம்மாவுக்கு அப்படியல்ல. அவ்வளவு உயரமான இடத்திலும் 2024 ஜனவரியில் பனி இல்லாமல் நிலம் வெறுமையாகக் கிடந்தது. 2025 பெப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த குளிர்காலத் தேசிய விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குப் பிற்போடப்பட்டன. 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டன. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முற்பணம் கட்டுவதற்கு முன் இவற்றையும் கணக்கில் எடுங்கள் என்கிறேன்.

எந்தத் திகதி?

எம்மவர்கள் பாடசாலை விடுமுறை என்று டிசம்பரையே கேட்பார்கள். டிசம்பர் பனிக்காலத்தின் தொடக்கம். பனி வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது. வருட முடிவில் விலையும் உச்சத்தில் இருக்கும். பனி நன்றாக இருக்கும் பெப்ரவரி வசதிதான். ஆனால் 2027 இல் ரமழான் பெப்ரவரி முற்பகுதியில் ஆரம்பமாகும். ஜனவரியின் பிற்பாதியிலோ வழமையாகத் துருக்கிப் பாடசாலைகளின் தவணை விடுமுறை. அந்நாட்டுக் குடும்பங்களே மலைகளை நிரப்பி விடும். எஞ்சுவது புதுவருடம் கழிந்து ஜனவரி நடுப்பகுதி வரையிலான நாட்கள்தான். பிள்ளைகளின் பாடசாலை இடம் கொடுத்தால் எனது தெரிவு அதுவே.

நான் சொல்லும் மலை

அந்த மூவருக்கும் நான் சிபாரிசு செய்தது துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள கைசேரி நகரையும் அதனருகில் உள்ள எர்ஜியெஸ் மலையையும்தான். 3,900 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எரிமலை அது. சறுக்குத் தளத்தின் பிரதான வாயில் சுமார் 2,200 மீற்றரில் இருக்கிறது. நகரமோ ஆயிரம் மீற்றரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில். இரண்டுக்கும் இடையே 25 கிலோமீற்றர் வீதி. கைசேரிக்கு விமான நிலையம் உண்டு. இஸ்தான்பூலிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான பறப்பு.

இதனால் என்ன இலாபம்? எல்லோரும் நகரில் தங்கலாம். சறுக்கும் ஐவர் காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்பலாம். மற்ற 17 பேரும் ஒரு நாளோ இரண்டு நாளோ மலைக்குப் போய்ப் பனியில் விளையாடி வந்தால் போதும். காற்று அடித்து மலை மூடப்பட்டாலும் அந்த நாள் வீணாகாது. கீழே பழைய கோட்டையும் மூடிய சந்தையும் இருக்கின்றன. மந்தி என்ற இறைச்சி வைத்த சிறிய மாப்பண்டமும், பாஸ்திர்மா என்ற காய்ந்த இறைச்சியும் அந்த ஊரின் அடையாளங்கள். துருக்கியில் கைசேரிக்காரர்களை வியாபாரச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அந்தச் சாமர்த்தியம் மலையிலும் தெரிகிறது. தளத்தை நடத்துவது மாநகர சபையின் கம்பெனி. ஒரே சீட்டில் முழு மலையின் இயந்திரங்களையும் பாவிக்கலாம்.

வாகனத்தை மட்டும் மறக்க வேண்டாம். குழுவுக்கென ஒரு வாகனம் சாரதியோடு எல்லா நாட்களும் நிற்க வேண்டும். நாங்கள் 2019 இல் மிச்சம் பிடித்த செலவு அதுதான். அதற்குக் கொடுத்த விலையை மேலே சொல்லி விட்டேன்.

உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி

பணத்தை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரி 21 அதிகாலை, துருக்கியின் போலு மாகாணத்தில் கர்தால்கயா பனிச்சறுக்குத் தளத்தில் 12 மாடி ஹோட்டலொன்று தீப்பற்றியது. 78 பேர் இறந்தார்கள். அது பாடசாலை விடுமுறைக் காலம். இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அபாய மணி ஒலிக்கவில்லை என்று தப்பியவர்கள் கூறினார்கள். சிலர் படுக்கை விரிப்புகளை முடிந்து ஜன்னல் வழியாக இறங்க முயன்றார்கள். அதே வருடம் ஒக்டோபரில் நீதிமன்றம் ஹோட்டல் உரிமையாளர் உட்பட 11 பேருக்குக் கடும் ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனையால் போனவர்கள் திரும்பி வரப் போவதில்லை.

மலை ஹோட்டல்களில் மரவேலை அதிகம். தீயணைப்புப் படை வர நேரம் எடுக்கும். எனவே அறைக்குப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். தீ எச்சரிக்கை மணியும் நீர் தெளிப்பான்களும் இருக்கின்றனவா? அவசர வெளியேற்றப் படிகள் எத்தனை? வயதானவர்களுக்கு முதலாம், இரண்டாம் மாடியில் அறை கிடைக்குமா? பதில் தராத ஹோட்டல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். போய்ச் சேர்ந்த அன்றிரவே குழுத் தலைவர் எல்லோரையும் அவசரப் படிகளால் ஒரு தடவை இறக்கிக் காட்டட்டும். இளைஞர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காப்புறுதியிலும் கவனம் தேவை. சாதாரண பயணக் காப்புறுதிகள் பல பனிச்சறுக்கு விபத்தைச் சேர்ப்பதில்லை. மேலதிகக் கட்டணம் செலுத்தி அதைச் சேர்க்க வேண்டும். கால் முறிந்த பின் பத்திரத்தின் சிறிய எழுத்தை வாசித்துப் பயனில்லை.

குழுவின் பணம் அமானிதம்

2022 இல் எமது ரூபாவுக்கு என்ன நடந்தது என்பதை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அப்போது ரூபாவில் சேகரித்து டொலரில் கட்ட இருந்தவர்கள் பட்ட பாடு தெரியும்தானே. எனவே எந்த நாளின் மாற்று விகிதம், கூடினால் யார் தருவது, ஒருவர் இடையில் விலகினால் அல்லது ஒருவருக்கு விசா கிடைக்காவிட்டால் அவரது பங்கை யார் ஏற்பது, மலை மூடப்பட்டால் எதற்குப் பணம் திரும்பும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பம் இடுங்கள். முகவரிடமும் அதேபோல் எழுதி வாங்குங்கள்.

"நமக்குள்ள எதுக்கு நானா எழுத்து?" என்று அந்த மூவரில் ஒருவர் கேட்டார். கைசேரிக்குப் போனால் அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வரச் சொன்னேன். நகருக்கு இருபது கிலோமீற்றர் தூரத்தில் குல்தெபே என்ற இடம் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அசீரிய வியாபாரிகள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றி வந்து அங்கே கடை வைத்திருந்தார்கள். அங்கிருந்து 20,000 க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. கடன் சீட்டுகள், பங்கு ஒப்பந்தங்கள், கணக்குக் கேட்டு எழுதிய கடிதங்கள் என்று பெரும்பாலும் வியாபார எழுத்துகள்தான். தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் கூட எழுதியே கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் 17 பேரிடமும் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அந்தப் பங்காளிகள் இருவரும் இன்றும் ஒரே கடையில் இருந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த மூவரிடமும் நான் கேட்டுக் கொண்டது ஒன்றுதான். முதலில் 22 பேரின் பெயர்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயது, நோய், என்ன செய்ய விருப்பம் என்று குறியுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள், மலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.